எந்த வருடத்து அலி, எந்த வருடத்து டைசன்?

கேள்வி இது: "முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? இளம் ஃபோர்மன், வயதான ஃபோர்மன் இரண்டு பேரையும் டைசனுக்கு எதிரே நிறுத்தினால் என்ன ஆகும்?" கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டு எல்லையோரத்து டீக்கடைகளில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடுகிற வாதம். அது முடியாமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், பேசுகிறவர்கள் ஆளுக்கொரு அலியை மனதில் வைத்திருப்பதுதான். பெரியவர்கள் சொல்வது 1980-ல் சென்னையில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடிய அலியை. கோழிக்கோட்டுப் பக்கம் போய்வருகிறவர்கள் சொல்வது 1989-ல் அங்கே வந்த அலியை. பையன்கள் போனில் பார்ப்பது 1966-ன் அலியை. 1966-ல் அவருக்கு 24 வயது. சென்னைக்கு வந்தபோது 38. கோழிக்கோட்டுக்கு வந்தபோது 47, பார்க்கின்சன் நோய் உறுதியாகி ஐந்து வருடம் ஆகிவிட்டது.

ஆகவே முதல் வேலை தேதி குறிப்பது. பொள்ளாச்சிச் சந்தையில் காளை பிடிக்கிறவர் ஊரையும் வம்சத்தையும் அப்புறம் கேட்பார், முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குத்துச்சண்டைக்காரருக்கும் அப்படியே பார்க்க வேண்டும். என்ன வயது, கடைசியாக எப்போது ரிங்கில் ஏறினார், அன்றைக்கு எடை என்ன, கார்னரில் (ரிங் மூலையில் நின்று கவனிக்கிற பயிற்சியாளர் குழுவில்) யார் நின்றார்கள். இந்த நான்கும் இல்லாமல் "அலியா டைசனா" என்று கேட்டால் பதில் கிடையாது.

வயதை விட்டுவிட்டால் எவ்வளவு பிசகும் என்பதற்கு நடந்த போட்டிகளே சாட்சி. ஜோ லூயிஸை ராக்கி மார்சியானோ 1951 அக்டோபரில் எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். லூயிஸுக்கு அப்போது 37. லாரி ஹோம்ஸ் 1980 அக்டோபரில் அலியைப் பத்து ரவுண்டு வரை அடித்தார், அதற்குமேல் வேண்டாமென்று கார்னரே நிறுத்தியது. அலிக்கு 38. டைசன் 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸை நான்காவது ரவுண்டில் முடித்தார். இப்போது ஹோம்ஸுக்கு 38, கூடவே 21 மாதமாக ஒரு போட்டியும் ஆடாத உடம்பு. இந்த மூன்று வெற்றியையும் "இவர் அவரைவிடப் பெரியவர்" என்பதற்கு ஆதாரமாக வைக்கக் கூடாது. 1980-ன் அலி இன்னொரு பாடமும் தருகிறார். எடைக்கருவியில் 217½ பவுண்டு, சுமார் 99 கிலோ. வயிறு ஒட்டி, முகம் இளைத்து, பழைய அலி போலவே தெரிந்தார். தைராய்டு மாத்திரையும் பட்டினியும் சேர்ந்து இறக்கிய எடை அது. உடம்பில் நீரும் இல்லை, தெம்பும் இல்லை. எடை இறங்கியதைப் பார்த்து இளமை திரும்பியது என்று கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் அன்று ஏமாந்தார்கள்.

அடுத்த பிழை சங்கிலிக் கணக்கு: இவர் அவரை ஜெயித்தார், அவர் இன்னொருவரை ஜெயித்தார், எனவே இவரே மேல் என்பது. ஜோ ஃப்ரேசியர் 1971 மார்ச்சில் அலியை ஜெயித்தார். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் அந்த ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் தள்ளினார். கென் நார்ட்டன் 1973 மார்ச்சில் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார், ஒரு வருடம் கழித்து ஃபோர்மன் நார்ட்டனையும் இரண்டு ரவுண்டில் முடித்தார். சங்கிலிப்படி 1974 அக்டோபரில் ஃபோர்மன் அலியை நொறுக்கியிருக்க வேண்டும். கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் தரையில் கிடந்தவர் ஃபோர்மன். ஒருவருடைய பாணி இன்னொருவருடைய பாணியைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கணக்கு, பெயர்ப் பட்டியல் இல்லை.

இயந்திரத்திடம் கேட்டும் பார்த்தாயிற்று. 1969-ல் அலியையும் மார்சியானோவையும் ஒத்திகை போல ஆடவைத்துப் படம் பிடித்தார்கள். கணினி சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அமெரிக்காவில் ஓடியதில் மார்சியானோ 13-வது ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி ஜெயித்தார். எண்களை ஊட்டியவர்களின் எண்ணமே எண்களாக வெளியே வந்தது. இன்றைய வீடியோ கேம்களில் வீரருக்கு வீரர் கொடுக்கிற மதிப்பெண்ணும் இதே வகைதான், அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

இனி நிபந்தனைகள். 15 ரவுண்டா 12 ரவுண்டா என்பது பல கற்பனை மோதல்களில் முடிவையே மாற்றிவிடும். 1982 நவம்பரில் கொரிய வீரர் டுக் கூ கிம் ரிங்கில் அடிபட்டு இறந்ததற்குப் பிறகுதான் உலகப் பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 ரவுண்டுக்கு இறங்கின. முன்பு எட்டு அவுன்ஸ் கையுறை வழக்கமாக இருந்தது, இன்று ஹெவிவெயிட்டுக்குப் பத்து அவுன்ஸ். ரிங் 20 அடிச் சதுரமா, அதைவிடச் சின்னதா என்றும் கேட்க வேண்டும். ஓடி ஆடுகிறவருக்குப் பெரிய ரிங், நெருங்கி அடிக்கிறவருக்குச் சின்ன ரிங். ரெஃப்ரியையும் மறக்கக் கூடாது. கின்ஷாசாவில் அலி இடது கையால் ஃபோர்மனின் கழுத்தைப் பிடித்துத் தலையைக் கீழே அமுக்கிக்கொண்டே இருந்தார், தடுப்பார் இல்லை. மறுவருடம் மணிலாவில் ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் இதை முன்கூட்டியே எதிர்த்துப் பேசினார். ரெஃப்ரி கார்லோஸ் பாடில்லா அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அலிக்கு அந்த ஒரு ஆயுதம் போனதும் போட்டி எவ்வளவு கொடூரமானது என்பது தெரிந்ததே.

இப்போது அலி - டைசன். இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதில் நிதானமாகப் போகலாம்.

டைசனுக்கு 1987 அக்டோபர் முதல் 1988 ஜூன் வரை உள்ள காலத்தை எடுத்துக்கொள்கிறேன். உயரம் ஐந்தடி பத்தங்குலம், கை நீளம் 71 அங்குலம், எடை 218 பவுண்டுக்கு அருகில். கார்னரில் பயிற்சியாளர் கெவின் ரூனி. மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த அன்று டைசனுக்கு 22 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. ஆனால் அந்த 91 விநாடியை வைத்து எதையும் கற்க முடியாது, எதிராளி ஏறும்போதே நடுங்கிப்போயிருந்தார். டைசனின் உண்மையான திறமையைப் பார்க்க டைரல் பிக்ஸ் போட்டியைப் பாருங்கள். ஆறடி ஐந்தங்குலம், 1984 ஒலிம்பிக் தங்கம், நகர்ந்து ஜாப் (முன்னால் நிற்கிற கையால் சட்டென்று நீட்டுகிற நேர்க்குத்து) போடுகிறவர். டைசன் அவரை அவசரப்படாமல் ஏழு ரவுண்டு உடைத்தார்: தலையை இரண்டு பக்கமும் அசைத்து உள்ளே போவது, தானும் ஜாப் போடுவது, விலாவில் வலது ஹுக் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற குத்து), அதே கையாலேயே உடனே தாடைக்கு அப்பர்கட் (கீழிருந்து மேலே போகிற குத்து). "டைசனுக்கு உயரமான ஆள் ஆகாது" என்பவர்கள் இந்தப் போட்டியைப் பார்க்காதவர்கள்.

அதே டைசனின் குறையை 1987 மார்ச்சில் ஜேம்ஸ் 'போன்க்ரஷர்' ஸ்மித்தும் ஆகஸ்டில் டோனி டக்கரும் காட்டினார்கள். இரண்டும் 12 ரவுண்டு. அணைத்துப் பிடித்துக்கொண்டால் டைசன் உள்ளே வேலை செய்யாமல் ரெஃப்ரி பிரித்துவிடக் காத்து நிற்பார். ஆறு ரவுண்டு தாண்டியதும் நான்கு ஐந்து குத்துகளாக வந்தவை ஒற்றைக் குத்துகளாகக் குறையும். தலை அசைவும் குறையும்.

அலிக்கு 1966-67. 24, 25 வயது, 212 பவுண்டு, ஆறடி மூன்றங்குலம், கை நீளம் 78 அங்குலம். இதில் ஒரு எச்சரிக்கை. அந்த அலியின் உச்சம் என்று எல்லாரும் காட்டுவது 1966 நவம்பர் க்ளீவ்லேண்ட் வில்லியம்ஸ் போட்டி. வில்லியம்ஸ் 1964-ல் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு, ஒரு சிறுநீரகத்தையே இழந்த மனிதர். அலியின் கால்கள் அன்று அழகாக ஆடின என்பது உண்மை, ஆனால் எதிரே நின்றது பாதி உடம்பு. அதற்குப் பதிலாக 1966 மார்ச் ஷுவாலோ போட்டியின் 15 ரவுண்டையும், 1967 மார்ச் ஸோரா ஃபோலி போட்டியையும் பார்க்க வேண்டும். ஷுவாலோ கிட்டே வந்து வயிற்றில் அடிக்கிற முரட்டு ஆள், டைசன் கேள்விக்கு அவரே பொருத்தமான சாட்சி. அலி அடி வாங்கினார், ஆனாலும் பதினைந்தாவது ரவுண்டிலும் கால் நிற்கவில்லை.

அலியின் ஓட்டை எது? குத்து வரும்போது குனியாமல் நேராகப் பின்னால் சாய்வார், இடது கை இடுப்பளவில் தொங்கும். ஹென்றி கூப்பர் 1963-ல் லண்டனில் இடது ஹுக்கால் உட்காரவைத்தது அந்த இடத்தில்தான். ஃப்ரேசியர் 1971-ல் பதினைந்தாவது ரவுண்டில் தள்ளியதும் இடது ஹுக்கால்தான். அலி வழக்கமாகத் தன் இடப்பக்கமாகவே சுற்றுவார், அது எதிராளியின் இடது ஹுக்கிலிருந்து விலகி வலது கைப்பக்கம் போகிற சுற்று. ஃப்ரேசியரிடம் அந்தப் பக்கம் பெரிய பயமில்லை. டைசனிடம் உண்டு, அவருக்கு இரண்டு கையும் ஒன்றுபோலப் பேசும்.

கூட்டிக் கழித்தால்: 1967-ன் அலி, 1988-ன் டைசன், 20 அடி ரிங், 15 ரவுண்டு என்றால் அலி. முதல் நான்கு ரவுண்டு பெரிய கண்டம், அதில் ஒருமுறை அலி தரையைத் தொட்டால்கூட ஆச்சரியமில்லை. ஆறுக்குமேல் ஜாப் விழ ஆரம்பிக்கும், பத்துக்குமேல் டைசனின் கண்கள் வீங்கும், பதின்மூன்றாவது ரவுண்டு வாக்கில் ரெஃப்ரி நிறுத்தலாம். 12 ரவுண்டாக்கினால் அலிக்குப் புள்ளிகளில் மெல்லிய வெற்றி, அவ்வளவே. அலியின் தேதியை 1971 மார்ச்சுக்கு மாற்றுங்கள், என் பதிலும் மாறும்: டைசன் ஜெயிப்பார். ராணுவத்தில் சேர மறுத்ததால் வந்த மூன்றரை வருடத் தடைக்குப் பிறகு திரும்பிய அலி ரவுண்டின் பாதியைக் கயிற்றில் சாய்ந்தே கழித்தார், பிடித்து நிறுத்துகிற கலை அவரிடம் இன்னும் முற்றவில்லை. 1974-க்கு மாற்றினால் மறுபடி அலி பக்கம் சாயும், ஆனால் கால்களால் இல்லை. ஐந்தடி பத்தங்குல ஆளின் கழுத்தை அமுக்கிப் பிடிக்க ஆறடி மூன்றங்குல ஆளுக்குத் தோதான உயரம், 216 பவுண்டு கனம், எதையும் தாங்குகிற தாடை. பாடில்லா மாதிரி ரெஃப்ரி அமைந்தால் இந்தப் பதிலும் ஆடும். 1977-க்குப் பிந்தைய அலியைக் கொண்டுவராதீர்கள். எர்னி ஷேவர்ஸின் குத்துகளைத் தாங்கி 15 ரவுண்டு நின்றது அந்த மனிதரின் பெருந்துணிச்சல், ஆனால் அவருடைய உடம்பு அதற்கான விலையை அப்போதே கொடுக்கத் தொடங்கியிருந்தது.

"பஸ்டர் டக்ளஸே டைசனை அடித்தார், அலி அடிக்க மாட்டாரா?" என்று கேட்கிறவர்களுக்கு: 1990 பிப்ரவரி டோக்கியோவின் டைசன் வேறு ஆள். ரூனி போய் ஒரு வருடத்துக்குமேல் ஆகிவிட்டது. வீங்கிய கண்ணை அமுக்க எல்லாக் கார்னரிலும் இருக்க வேண்டிய குளிர்ந்த இரும்புத் துண்டுகூட அன்று இல்லை, ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். தலை அசையவே இல்லை. ஆனால் டக்ளஸ் காட்டிய முறை முக்கியம்: இரட்டை ஜாப், வலது நேர்க்குத்து, உடனே பிடித்துக்கொள்வது, பிரிக்கும்போது அரையடி நகர்வது. எட்டாவது ரவுண்டில் விழுந்தும் எழுந்து பத்தாவதில் முடித்தார். உயரமான யாரை டைசனுக்கு எதிரே நிறுத்தினாலும் இந்த முறையை அவரால் 12 ரவுண்டு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

ஃபோர்மனுக்கு வருவோம். 1973 ஜனவரி ஃபோர்மன், 24 வயது. கிங்ஸ்டனில் அவர் செய்ததை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஃப்ரேசியர் குனிந்து உள்ளே வரும்போதெல்லாம் இரண்டு உள்ளங்கையாலும் தோளைத் தள்ளி, தன் குத்துக்குத் தோதான தூரத்தில் நிறுத்தி, கீழிருந்து அப்பர்கட். குனிந்து வருகிறவனுக்கு அதைவிட மோசமான எதிராளி கிடையாது, டைசனும் குனிந்தே வருகிறவர். மறுபக்கம், ஃப்ரேசியர் சூடேற மூன்று ரவுண்டு ஆகும், டைசன் மணி அடித்ததும் பாய்வார். ஃபோர்மன் கையை அகல வீசும்போது நடுவில் கதவு திறந்து கிடக்கும். ரான் லைல் 1976-ல் அந்தக் கதவு வழியாகத்தான் ஃபோர்மனை விழவைத்தார். ஐந்து ரவுண்டு தாண்டினால் அந்த ஃபோர்மனுக்கு மூச்சு இருக்காது. ஐந்துக்குள் முடியும் என்பது என் எண்ணம், பத்துத் தடவை மோதினால் ஆறு தடவை ஃபோர்மன். இந்த ஒன்றில் எதிர்த்துச் சொல்கிறவரோடு நான் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

வயதான ஃபோர்மன் வேறு பிராணி. பத்து வருடம் விலகியிருந்து 1987-ல் திரும்பியவர். கைகளைக் குறுக்கே கட்டித் தடுப்பார், கனமான ஜாப் போடுவார், மூச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பார். 1991-ல் 42 வயதில் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டு நின்றார். 1994 நவம்பரில், 45 வயதில், மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்து, பத்தாவது ரவுண்டில் சாம்பியன் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். ஆனால் 1993-ல் டாமி மாரிசன் கிட்டே நிற்காமல் சுற்றிச் சுற்றிப் புள்ளி எடுத்து ஜெயித்ததையும் பார்க்க வேண்டும். 1988-ன் டைசனுக்கு எதிரே இந்த ஃபோர்மன் கடைசிவரை நிற்பார், புள்ளிகளில் தோற்பார். 1996-ன் டைசன் என்றால், சிறைக்குப் பிறகு வந்த, பக்கவாட்டு அசைவு போன டைசன் என்றால், நான் ஃபோர்மன் பக்கம்.

ஹோம்ஸ் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு, அது பெரிய அநியாயம். 1978 முதல் 1982 வரை அவருடைய ஜாப்புக்கு ஈடாக ஹெவிவெயிட் வரலாற்றில் ஒன்றோ இரண்டோதான் சொல்ல முடியும். 81 அங்குலக் கை. ஜாப் போட்டுவிட்டு அந்தக் கையைத் தாழ்வாகத் திரும்ப எடுப்பது குறை, அந்த இடைவெளியில் மேலிருந்து விழுகிற வலது கைதான் அவரை எப்போதும் சாய்த்தது. 1979-ல் ஷேவர்ஸ் ஏழாவது ரவுண்டில் அப்படித்தான் தள்ளினார். ஹோம்ஸ் எழுந்து வந்து பதினொன்றில் ஜெயித்தார். டைசனும் ஒருமுறை தள்ளுவார். 1980-ன் ஹோம்ஸ் எழுவார், புள்ளிகளில் ஜெயிப்பார்.

மார்சியானோவுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 49 போட்டி, 49 வெற்றி, அந்த மனஉறுதிக்கு முன் தலைவணங்கலாம். ஆனால் 185 பவுண்டை ஒட்டிய எடை, 68 அங்குலத்துக்கு மேற்படாத கை. இன்றைய விதிப்படி ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கிற, 200 பவுண்டு வரம்புள்ள க்ரூசர்வெயிட்டில் அவர் யாரையும் சந்திக்கலாம். 1973 ஃபோர்மன், 1988 டைசன், 2000-ன் லெனாக்ஸ் லூயிஸ் முன்னே நிறுத்துவது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை. இதை வைத்து "பெரிய உடம்பே ஜெயிக்கும்" என்று தாவவும் வேண்டாம். 2024 மே மாதம் உக்ரைன் வீரர் உஸிக், தன்னைவிட ஆறு அங்குலம் உயரமான, நாற்பது பவுண்டு அளவுக்குக் கனமான ஃப்யூரியைத் தோற்கடித்தார், டிசம்பரில் மறுபடியும். உஸிக்கின் உயரமும் ஆறடி மூன்றுதான், அலியின் உயரம்.

லெனாக்ஸ் லூயிஸைத் தேதி இல்லாமல் பேசவே முடியாது. 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் மேட்டுநிலத்தில், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில், 253 பவுண்டோடு அசட்டையாக வந்து ரஹ்மானிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். ஏழு மாதம் கழித்து ஏழு பவுண்டு குறைத்து வந்து அதே ரஹ்மானை நான்காவதில் முடித்தார். அந்த இரண்டாவது லூயிஸ், அல்லது 1997-ல் கோலோட்டாவை முதல் ரவுண்டிலேயே முடித்த லூயிஸ் என்றால், 1988-ன் டைசனுக்கு நான்கு ரவுண்டுவரை வாய்ப்பு உண்டு, அதற்குமேல் லூயிஸின் அப்பர்கட்டுக்கு விடை இருக்காது. 1994-ல் மெக்காலிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்த லூயிஸ் என்றால் டைசன் முதல் ரவுண்டிலேயே முடிப்பார்.

யாரும் கேட்காத ஒரு மோதலையும் சொல்லிவிடுகிறேன்: 1960-ன் சானி லிஸ்டனும் 1988-ன் டைசனும். லிஸ்டனை அலியிடம் தோற்றவராக மட்டும் நினைக்கிறார்கள். ஆறடி ஓரங்குல ஆளுக்கு 84 அங்குலக் கை. துப்பாக்கிக் குண்டு படுவதற்கு முந்தைய, முழுபலத்தோடு இருந்த வில்லியம்ஸை 1959, 1960 இரண்டு வருடமும் வாங்கியதற்கு மேலாகத் திருப்பிக் கொடுத்து முடித்தவர். அவருடைய ஜாப் மற்றவர்களின் வலது கை அளவுக்குக் கனம். டைசன் தலையை அசைத்து உள்ளே வர ஒவ்வொரு தடவையும் அந்த ஜாப்பைத் தாண்டியாக வேண்டும், தாண்டி வந்தால் எதிரே நிற்பவர் பயப்படவும் மாட்டார், பின்வாங்கவும் மாட்டார். டைசனின் கால்வேகம் லிஸ்டனைவிட அதிகம் என்பது அவருக்குச் சாதகம். முதல் இரண்டு ரவுண்டில் டைசன் முன்னிலை, மூன்றிலிருந்து லிஸ்டன், ஏழு எட்டில் முடிவு. ஒப்புக்கொள்ளாதவர்கள் 1960-ன் அந்த வில்லியம்ஸ் போட்டியில் லிஸ்டனின் இடது கையை மட்டும் பார்த்துவிட்டு, டக்கரோடு ஆடிய டைசனின் எட்டாவது ரவுண்டைப் போட்டுப் பாருங்கள்.